விஎம் க்ளோனா, ஆர்மேன் டூப்ளிகேட்டா?

"திங்கக்கிழமைக்குள்ள ப்ரொடக்‌ஷன் மாதிரியே ஒரு டெஸ்ட் டேட்டாபேஸ் வேணும்" என்று சிறுசேரியிலிருந்து டெவலப்பர் டீம் கேட்கிறது. ப்ரொடக்‌ஷன், அதாவது வாடிக்கையாளர் வேலை நடக்கும் உண்மையான டேட்டாபேஸ், இருப்பதோ அம்பத்தூர் டேட்டா சென்டரில். ஆரக்கிள் டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏ முன்னால் அப்போது இரண்டு வழி இருக்கும். ஓடுகிற விஎம்மை (மெய்நிகர் கணினியை) அப்படியே க்ளோன் செய்து, பிறகு ஹோஸ்ட்நேம், ஐபி, லிஸனர் (இணைப்புக் கோரிக்கைகளை வாங்கும் நிரல்), டிபிஐடி (டேட்டாபேஸின் அடையாள எண்) என்று ஒவ்வொன்றாக மாற்றுவது முதல் வழி. புது விஎம்மில் ஆரக்கிளை நிறுவி, ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனின் டூப்ளிகேட் கட்டளையால் டேட்டாபேஸை மட்டும் கொண்டுவருவது இரண்டாவது.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்தில் அழிக்கப்போகும் பிரதி என்றால் க்ளோன். நெட்வொர்க்கில் நின்று, தனக்கென்று பேக்கப் எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஓடப்போகிற பிரதி என்றால் டூப்ளிகேட்தான். இந்த முடிவுக்கு நான் வந்தது ஒரே இரவில்.

அன்று ப்ரொடக்‌ஷன் விஎம்மின் க்ளோனை மதியம் எடுத்தோம். ஹோஸ்ட்நேமும் ஐபியும் மாற்றினோம், லிஸனர் ஏறியது, டெவலப்பர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான கிரான்டேபை யாரும் பார்க்கவில்லை. எஃப்எஸ்டேபில் (மெஷின் ஏறும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) இருந்த என்எஃப்எஸ் மவுண்ட்டும், அதாவது பேக்கப் போகும் நெட்வொர்க் டிஸ்க்கும், அப்படியே இருந்தது. நள்ளிரவு 1 மணிக்கு ப்ரொடக்‌ஷனும் க்ளோனும் ஒரே ஸ்கிரிப்டை ஓட்டி, ஒரே இடத்தில் பேக்கப் எழுத ஆரம்பித்தன. இடம் நிரம்பி ப்ரொடக்‌ஷன் பேக்கப் பாதியில் நின்றது. க்ளோன் மட்டும் முடித்துவிட்டது. ஆர்மேனில் தக்கவைப்பு விதி, இயல்பாக வரும் ரிடண்டன்ஸி 1, அதாவது கடைசி ஒரு பேக்கப் போதும். ஆகவே ஸ்கிரிப்டின் கடைசி வரியான "டிலீட் அப்ஸலீட்", முந்தைய நாள் பேக்கப்பைத் தேவையற்றது என்று முடிவு செய்து அழித்தது. பேக்கப் விவரங்களும் பதிந்திருக்கும் க்ளோனின் கண்ட்ரோல் ஃபைலைப் பொறுத்தவரை அது க்ளோனின் பேக்கப். உண்மையில் அது ப்ரொடக்‌ஷனின் பேக்கப்.

விடிகாலை 4 மணிக்கு ஷிஃப்டில் இருந்த தம்பி போன் செய்தான். "அண்ணா, மவுண்ட்ல நேத்து பேக்கப் பீஸ் ஒண்ணுமே காணோம்ணா." நான் கேட்டேன்: "நீ எந்த மெஷின்ல இருக்க? ஹோஸ்ட்நேம் அடிச்சுப் பாரு." அவன் இருந்தது சரியான மெஷினில்தான். உடனே க்ளோனை நிறுத்தி, அதன் கோப்புகளை நீக்கி இடம் பண்ணி, ப்ரொடக்‌ஷனில் புது பேக்கப்பை ஓட்டினோம். அது முடியும்வரை எங்களிடம் ப்ரொடக்‌ஷனுக்கு ஒரு முழு பேக்கப்கூட இல்லை.

க்ளோனுக்குத் தான் க்ளோன் என்று தெரியாது. அதனால் அதை முதல்முறை பவர் ஆன் செய்வதற்கு முன்பே நெட்வொர்க் கார்டைத் துண்டித்துவிட வேண்டும். விஎம்வேரில் "கனெக்ட் அட் பவர் ஆன்" டிக்கை எடுத்தால் போதும். கன்சோல் வழியாக உள்ளே போய் கிரான்டேப், எஃப்எஸ்டேப், ஓராடேப் (மெஷினில் உள்ள ஆரக்கிள் டேட்டாபேஸ்களின் பட்டியல்) மூன்றையும் திறந்து பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

லிஸனரில் தெரிகிற கோளாறு, தெரியாத கோளாறு என்று இரண்டு உண்டு. லிஸனர்.ஓராவில் பழைய ஹோஸ்ட்நேம் இருந்தால், அது ப்ரொடக்‌ஷனின் ஐபியைக் காட்டும். இந்த மெஷினில் இல்லாத முகவரியில் லிஸனரால் உட்கார முடியாது, ஏற மறுக்கும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும். எந்த லிஸனரிடம் பதிவு செய்வது என்று டேட்டாபேஸுக்குச் சொல்லும் லோக்கல்_லிஸனர் பராமீட்டர் பழைய பெயரைக் காட்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. அப்போது க்ளோன் போய் ப்ரொடக்‌ஷன் லிஸனரிடம் அதே சர்வீஸ் பெயரில் தன்னையும் பதிவு செய்யப் பார்க்கும். ஆரக்கிள் 12சி பதிப்பு முதல் வெளி மெஷின்களின் பதிவை லிஸனர் இயல்பாகவே ஏற்பதில்லை. 11ஜி இன்னும் ஓடுகிற இடங்களில் அந்தக் கதவு திறந்தே கிடக்கலாம். டேட்டாபேஸ் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்நேம்ஸ்.ஓராவும் அப்படித்தான். டெஸ்டில் இருக்கிறோம் என்று நம்பி, பழைய பெயரில் லாகின் செய்து, ப்ரொடக்‌ஷன் டேபிளை ட்ரன்கேட் செய்ய (மொத்தமாகக் காலியாக்க) ஒரு வரி போதும்.

அடுத்தது டிபிஐடி. ஆர்மேன் ஒரு டேட்டாபேஸை அடையாளம் காண்பது இந்த எண்ணை வைத்துத்தான். டிபிஐடி மாற்றாத க்ளோனை ரிசெட்லாக்ஸ் (மாற்றப் பதிவு வரிசையைப் புதிதாகத் தொடங்கும் ஆணை) போட்டுத் திறந்து, அதே ரெக்கவரி கேட்டலாகில் (ஆர்மேன் பேக்கப் விவரங்களைச் சேர்த்து வைக்கும் இடம்) இணைத்தால், கேட்டலாக் அதை ப்ரொடக்‌ஷனின் புதுப் பிறவி என்று எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு உண்மையான ப்ரொடக்‌ஷனின் பேக்கப் தோற்கும். ஆரக்கிளின் '9ஐ' பதிப்பின் இரண்டாம் வெளியீட்டிலிருந்து இதை மாற்ற என்ஐடி என்ற கருவி இருக்கிறது. டேட்டாபேஸை ஒழுங்காக ஷட்டவுன் செய்து, மவுண்ட் நிலையில் ஏற்றி என்ஐடியை ஓட்டினால், கண்ட்ரோல் ஃபைலிலும் எல்லா டேட்டாஃபைல் ஹெடரிலும் புது எண் எழுதும். பிறகு ரிசெட்லாக்ஸ் போட்டுத் திறக்க வேண்டும். பெயரையும் சேர்த்து மாற்றினால் டிபி_நேம் பராமீட்டரையும் பாஸ்வேர்ட் ஃபைலையும் புதுப்பிக்க வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் டிபிஐடி பழையதாகவே இருக்கும், அதனால் பெயர் மாறிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

டூப்ளிகேட் வழியில் இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை எழவே எழாது. புது டிபிஐடியை ஆர்மேனே கொடுக்கிறது. கிரான்டேப், மவுண்ட், பழைய ஹோஸ்ட்நேம் எதுவும் கூட வராது, ஏனென்றால் வருவது டேட்டாபேஸ் மட்டும். 11ஜியிலிருந்து பேக்கப்கூட இல்லாமல், ஓடுகிற டேட்டாபேஸிலிருந்தே நேராக இழுக்கலாம். விலை நேரம். 600 ஜிபி டேட்டாவை 1 ஜிபிபிஎஸ் லைனில் கொண்டுவர, லைன் முழுதும் நமக்கே கிடைத்தாலும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 100 எம்பிபிஎஸ் என்றால் 13 மணி நேரத்துக்கு மேல். பகலில் செய்தால் ப்ரொடக்‌ஷனின் டிஸ்க்கும் திணறும். அதற்கு முன் அதே பதிப்பு, அதே பேட்ச் அளவில் ஆரக்கிளை நிறுவ வேண்டும், ஆக்ஸிலரி இன்ஸ்டன்ஸுக்கு (பிரதி உருவாகும் புது இன்ஸ்டன்ஸ்) லிஸனரில் ஸ்டாட்டிக் பதிவு, அதாவது கையால் எழுதிய பதிவு, வேண்டும், டேட்டாஃபைல் பாதைகளை மாற்றிச் சொல்ல வேண்டும். முதல்முறை செய்பவருக்கு ஒரு நாள் போய்விடும். ஸ்கிரிப்டாக எழுதி வைத்துக்கொண்டால் இரண்டாம் முறை வலிக்காது.

இரண்டு வழியிலும் ஒரே மாதிரி வந்து சேர்வது டேட்டாபேஸுக்குள் இருப்பவை. ஷெட்யூலர் ஜாப்கள், டிபி லிங்குகள் (மற்ற டேட்டாபேஸ்களுக்கான இணைப்புகள்), வாடிக்கையாளர்களின் உண்மையான மொபைல் எண்கள். டூப்ளிகேட் செய்துவிட்டோம், சுத்தம் என்று நினைத்தால், திறந்த அடுத்த நிமிடமே தவணை நினைவூட்டும் எஸ்எம்எஸ் போகத் தொடங்கும். ஆகவே டேட்டாபேஸைத் திறப்பதற்கு முன்பே, ஜாப்களை ஓட்டும் ஜாப்_க்யூ_ப்ராசஸஸ் பராமீட்டரை 0 ஆக்குகிறேன். டூப்ளிகேட் முடிந்ததும் டேட்டாபேஸ் தானாகத் திறந்துவிடும். 12சியில் வந்த நோஓபன் சேர்த்தால் திறக்காமல் நிற்கும், டிபி லிங்குகளை எப்படிக் கையாள்வது என்று முடிவு செய்ய அவகாசம் கிடைக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், பேட்ச் ஒத்திகைக்கு நான் க்ளோனைத்தான் எடுப்பேன். கர்னல் பராமீட்டர், யாரோ எப்போதோ போட்ட ஒன்-ஆஃப் பேட்ச், டைரக்டரி உரிமைகள் எல்லாம் அச்சு அசலாக இருப்பது அதில் மட்டும்தான். அந்த ஒத்திகைக்கு டிபிஐடியைக்கூட மாற்றுவதில்லை. தனி விஎல்ஏனில் (பிரித்து வைத்த நெட்வொர்க்கில்) அடைத்து வைத்து, முடிந்ததும் அழித்துவிடுகிறேன். எடுக்கும்போது டேட்டாபேஸை ஷட்டவுன் செய்துவிட்டால் நிம்மதி. முடியாவிட்டால் எல்லா டிஸ்க்கும் ஒரே கணத்தில் பிடிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். விஎம்வேரில் இண்டிபெண்டன்ட் என்று குறிக்கப்பட்ட டிஸ்க் ஸ்னாப்ஷாட்டில் (அந்தக் கணத்தின் பிடிப்பில்) சேராது.

மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு: டேட்டா டைரக்டரியில் உள்ள ஆட்டோ.சிஎன்எஃப்பை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் புது சர்வர் யூயூஐடி (சர்வரின் அடையாளம்) பிறந்துவிடும், சர்வர்_ஐடியைக் கையால் மாற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸில் க்ளோன் அதே டைம்லைனில் எழுந்து அதே பெயரில் வேறு வால் (WAL, மாற்றங்களின் பதிவு) கோப்புகளை எழுதும், அதனால் அவற்றை நகலெடுத்துச் சேமிக்கும் ஆர்கைவ்_கமாண்டை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.