பினாங்குக்கும் லங்காவிக்கும் நடுவே பதின்மூன்று வருஷம்: படகா, விமானமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். தெற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் பினாங்குப் பாலம். வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் லங்காவிக்குப் படகு ஏறும் கோல கெடா. அம்மா பினாங்கில் தம்பி வீட்டில் இருக்கிறார். மகள் 2012-இல் கல்யாணமாகி லங்காவிக்குப் போனாள். மருமகனுக்கு அங்கே ஹோட்டலில் வேலை. அன்றிலிருந்து பள்ளி விடுமுறை வந்தால் நான் ஏதாவது ஒரு தீவில்தான் இருப்பேன். பல சமயம் அம்மாவை ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கூட்டிப் போகிற வேலையும் என்னுடையதுதான்.

பயணச் சீட்டுகளை ஒரு மைலோ டின்னில் போட்டு வைப்பது என் வழக்கம். போன மாதம் எல்லாவற்றையும் கொட்டி எண்ணினேன். போக, வர சேர்த்துப் படகில் 118 தடவை, விமானத்தில் 14 தடவை. பீடோங்கிலும் சுங்கைப்பட்டாணியிலும் தெரிந்தவர்கள் லங்காவிக்குக் கிளம்பும்போதெல்லாம் என்னிடம்தான் கேட்கிறார்கள்: “டீச்சர், படகுல போறதா, பிளேன்ல போறதா?” வாசலில் நின்று பாதி பதில் சொல்லி அனுப்பி அலுத்துவிட்டது. முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் படகுதான் சரி. ஆனால் எந்த நாளில் போவது என்பதை டிக்கெட் விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாதத்தைப் பாருங்கள், அப்புறம் வீட்டில் தொங்குகிற நாட்காட்டியில் திதியைப் பாருங்கள்.

முதலில் நேரக் கணக்கு. விமானம் பினாங்கிலிருந்து லங்காவிக்கு நாற்பது நிமிடத்துக்குள் போய்விடும். அந்த நாற்பது நிமிடத்தைக் கேட்டுத்தான் பலர் மயங்குகிறார்கள். பீடோங்கிலிருந்து பாலம் தாண்டி, நெரிசலில் ஊர்ந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையம் சேர ஒன்றரை மணி நேரம். விமான நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். தெற்கே போய் ஏறி, வடக்கே நம் ஊரைத் தாண்டித் திரும்பப் பறக்கிறோம். படகென்றால் கோல கெடாவுக்கு ஒரு மணி நேரம், ஜெட்டியில் முக்கால் மணி நேரம், கடலில் ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டிலும் வீட்டுக்கு வீடு நான்கு மணி நேரம்தான் ஆகிறது. பலமுறை மணி பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். விமானம் எனக்கு இருபது நிமிடத்துக்கு மேல் மிச்சப்படுத்தியதே இல்லை.

செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. நான் போக ஆரம்பித்த காலத்தில் கோல கெடாவிலிருந்து பெரியவர்களுக்கு ஒரு வழிக்கு 23 வெள்ளி (ரிங்கிட்). பிறகு 34 வெள்ளி 50 காசாக உயர்ந்தது. உயர்ந்தாலும் அது நிலையான விலை. தீபாவளிக்கு முதல் நாளும் அதே விலைதான். விமானத்தில் நான் கொடுத்ததில் குறைந்தது 59 வெள்ளி, கூடியது 230. ஒரே இருக்கை, ஒரே தூரம்.

இனி கடல். நான் சொல்ல நினைப்பதில் பாதி இதுதான்.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை எங்கள் மேற்குக் கரைக் கடல் பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். அந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. கிழக்குக் கரையில் கிளந்தான், திரங்கானு பக்கம் வெள்ளமும் பேரலையுமாக இருக்கும்போது நமக்கு நடுவில் தீபகற்பமே சுவராக நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை நிலைமை மாறுகிறது. தென்மேற்குக் காற்று கடலில் தடையில்லாமல் வந்து படகைப் பக்கவாட்டில் தள்ளும். இதோடு, ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரிசை கட்டி வரும் இடிமழை ஒன்று உண்டு. பெரும்பாலும் விடிவதற்கு முன் கிளம்பி முற்பகலுக்குள் கரையைத் தாண்டிவிடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் கடலில் இருக்கக் கூடாது. அந்த மாதங்களில் காலையில் எழுந்ததும் மேற்கு வானத்தைப் பார்ப்பேன். கரிய பட்டை போல மேகம் படுத்திருந்தால் முதல் படகை விட்டுவிட்டு, பசியாறிவிட்டு நிதானமாக அடுத்ததற்குப் போவேன்.

திதி எதற்கு? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் வருவது. லங்காவிக்குப் படகு ஏறும் இன்னொரு இடமான கோல பெர்லிஸ் ஜெட்டியும் கோல கெடா ஜெட்டியும் ஆற்று முகத்தில் இருக்கின்றன; சேறு படிந்து படிந்து மேடாகும் இடம். நீர் நன்றாக வற்றினால் படகு தரை தட்டும் என்று பயந்து மெதுவாக நகர்த்துவார்கள், அல்லது நீர் ஏறும்வரை காக்க வைப்பார்கள். கோல பெர்லிஸில் இது அதிகம். ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சேற்றில் கொக்குகள் நடந்து போய்க்கொண்டிருந்தன. அன்று மாலை வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தபோதுதான் புத்திக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் ஒட்டி மூன்று நாளைத் தவிர்த்துவிடுகிறேன். சஷ்டி, சப்தமி, அஷ்டமியில் ஏற்ற இறக்கம் குறைவு. நல்ல காரியத்துக்கு அஷ்டமி ஆகாது என்பார்கள். லங்காவிப் படகுக்கு அஷ்டமி அருமையான நாள்.

எங்கே உட்காருவது என்பதை 2015 ஆகஸ்டில் கற்றுக்கொண்டேன். அப்போது ஜார்ஜ் டவுன் மணிக்கூண்டுக்குப் பக்கத்துத் துறையிலிருந்து லங்காவிக்கு நேர்ப் படகு இருந்தது. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அம்மாவுக்கு ஜன்னல் வேண்டும் என்று முன்வரிசையில் இடம் பிடித்தேன். அதுதான் தப்பு. பினாங்கின் நிழலை விட்டு வெளியே வந்ததும் படகின் மூக்கு எழும்பி எழும்பி விழ ஆரம்பித்தது. எழும்பும்போது வயிறு காலுக்கு இறங்கும். விழும்போது தகரத்தில் சம்மட்டி அடித்தது போலச் சத்தம். அம்மா பேசவே இல்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒவ்வொரு அலைக்கும் அவருடைய வளையல் இரும்பில் ‘டக்’ என்று பட்டது. நான் கோடாரித் தைலத்தை அவர் நெற்றியில் தேய்த்தேன். அந்த வாசனையே அவருக்குக் குமட்டிவிட்டது. படகு ஊழியர் ஒருவர் கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு வந்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். “மக்சிக், டுடோக் பெலாகாங்” (பின்னால உட்காருங்கம்மா) என்று மலாயில் சொல்லி, கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போய் நடு இருக்கையில் உட்கார வைத்தார். பத்து நிமிடத்தில் அம்மாவுக்கு மூச்சு சீரானது. பெயர்கூடக் கேட்காமல் இறங்கிவிட்டேன். அந்த மனிதருக்கு இன்றும் மனசுக்குள் நன்றி சொல்கிறேன்.

படகு ஆடும்போது நடுவிலிருந்து பின்பகுதி வரை ஆட்டம் குறைவு, மூக்கில்தான் கூடுதல். மேல் தளத்தைவிடக் கீழ்த் தளம் நல்லது. தலைசுற்றல் எதனால் என்றால், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது, கண்ணோ அசையாமல் நிற்கும் முன் இருக்கையைப் பார்த்து ‘ஆடவில்லை’ என்கிறது. அதனால் கைப்பேசி பார்க்காமல், வானமும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். உப்புப் படிந்த கண்ணாடி வழியாகத் தெரிகிற அளவு போதும். வெறும் வயிற்றில் ஏறாதீர்கள், நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோற்றை முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி, இஞ்சித் தண்ணீர். ஒரு சால்வை கட்டாயம். உள்ளே ஏர்கோன் நடுங்க வைக்கும்.

அந்த நேர்ப் படகு 2020 மார்ச் 18-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நின்றுபோனது. எனக்கு அதில் உண்மையான வருத்தம். எவ்வளவு ஆட்டினாலும், ஒரு தீவில் ஏறி இன்னொரு தீவில் இறங்கும் பயணம் அது. வழி முழுக்க வலப்பக்கம் ஜெராய் மலை கூடவே வரும். 1,217 மீட்டர் உயரம். தட்டைக் கரையில் தனியாக எழுந்து நிற்பதால் வெகு தூரத்திலேயே தெரியும். சோழர் காலத்துக் கப்பல்கள் கடாரத்தை, அதாவது பழைய கெடாவை, அடையாளம் கண்டதே இந்த மலையை வைத்துத்தான் என்று பூஜாங் பள்ளத்தாக்குக்கு மாணவர்களைக் கூட்டிப் போகும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். கடலில் இருந்து பார்த்தபோதுதான் அது எனக்கே புரிந்தது. என் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். ‘முதல்ல மலைதான் தெரிஞ்சுது, அப்புறந்தான் ஊரு’ என்று சொல்வாராம். அம்மா அதை அந்தப் படகில்தான் எனக்குச் சொன்னார்.

பினாங்கிலிருந்து எதிர்க்கரைக்குப் போகும் பட்டர்வொர்த் ஃபெரியும் மாறிவிட்டது. கார் ஏற்றும் பழைய பெரிய ஃபெரிகள் 2020 முடிவோடு ஓய்ந்தன. 2023-இல் வந்த புதியவை ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் மட்டும் ஏற்றுகின்றன. கொஞ்ச நேரப் பயணம்தான், யாருக்கும் தலைசுற்றாது. பாலத்தில் நெரிசல் என்றால் காரை பட்டர்வொர்த்தில் விட்டுவிட்டு நான் அதில்தான் போகிறேன்.

கொரோனாவால் மூடியிருந்த லங்காவியை 2021 செப்டம்பர் 16-இல் திறந்துவிட்டார்கள். பேரன் பிறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது, நான் அவனைத் தூக்கியதே இல்லை. அந்த வாரமே கோல கெடாவில் ஏறினேன். ஆற்றை விட்டுக் கடலுக்கு வரும்வரை படகு மெதுவாகத்தான் போகும். பழைய கோட்டை, மீன் படகுகள், அலையாத்தி மரங்கள். அன்றைக்கு அது நகரவே நகராதது போல இருந்தது.

விமானத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு இப்போது 78 வயது, முழங்கால் வலி. பினாங்கிலேயே இருப்பதால் அவருக்கு விமான நிலையம் இருபது நிமிடம். அதனால் தென்மேற்குக் காற்று மாதங்களில் அவரை விமானத்தில்தான் கூட்டிப் போகிறேன். முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, காதில் சமநிலைக் கோளாறு உள்ளவர் யாராவது இருந்தால் மே முதல் அக்டோபர் வரை பணத்தைப் பார்க்காமல் விமானத்தில் போய்விடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கும்போதே பதிந்துவிட வேண்டும். காற்றாடி வைத்த சிறிய விமானத்தில் நாலைந்து படிகள்தான். பெரிய விமானத்துக்குச் சில சமயம் தரையிலிருந்து உயரமான படிக்கட்டில் ஏறச் சொல்வார்கள். போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். அம்மா முதல் தடவை பறந்தபோது, “எங்கடி நம்ம மலை?” என்று கேட்டார். காட்டினேன். கண்ணாடியில் விரலை வைத்து, மலையடியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளியைத் தொட்டு, “இங்கதான் நான் பால் வெட்டினேன்” என்றார். இப்போது அங்கே ரப்பரே இல்லை, எல்லாம் செம்பனை. மேலிருந்து பார்த்தாலும் அவருக்கு இடம் தெரிந்திருந்தது.

பெட்டி விஷயத்தில் படகுதான். மலிவு விமான டிக்கெட்டில் கையோடு 7 கிலோ, அதற்கு மேல் காசு. லங்காவி 1987-இலிருந்து வரியில்லாத் தீவு; போனவர்கள் பிங்கானும் சாக்லேட்டும் வாங்காமல் வருவதில்லை. மகள் கல்யாணப் பரிசுக்கு வாங்கச் சொன்ன இருபத்து நான்கு தட்டுகளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துப் படகில் கொண்டுவந்தேன், ஒன்றுகூடக் கீறவில்லை. லங்காவியிலிருந்து புறப்படும்போது சுங்கச் சோதனை படகிலும் விமானத்திலும் உண்டு. ரசீதைக் கையில் வைத்திருங்கள்.

கோல பெர்லிஸிலிருந்து போனால் கடலில் ஒன்றே கால் மணி நேரம்தான். எங்களுக்குக் காரில் முக்கால் மணி நேரம் கூடும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது மதிப்புள்ள பேரம், நீர் வற்றம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காரையே ஏற்றும் கப்பலும் அங்கிருந்து உண்டு. ஒரு தடவை போனேன். ஒரு வாரம் தங்குபவர்களுக்குப் பயன்படும்.

இரண்டு கசப்புகளையும் சொல்லிவிடுகிறேன். 2018 பள்ளி விடுமுறையில் நேரம் குறித்த டிக்கெட் கையில் இருந்தும் இரண்டு படகுகள் எங்களை விட்டுவிட்டுப் போயின. ஏன் என்று முகப்பில் இருந்தவர்கள் சொல்லவே இல்லை, குழந்தைகள் வெயிலில் நின்றார்கள். விமானத்திலும் நடந்தது: முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு, பயணம் மறுநாள் மாலைக்கு மாற்றப்பட்டதாக ஒரு குறுஞ்செய்தி. பேரனின் காதுகுத்து காலையில். அதனால் முக்கியமான காரியத்துக்குப் போகிறீர்கள் என்றால், எதில் போனாலும் ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். பெருநாள் காலத்தில் திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

இப்போது அம்மா மறுபடி படகில் போக வேண்டும் என்கிறார். “ஒரே ஒரு தடவ. கப்பல்லதான்” என்கிறார், அவருக்கு ஃபெரியும் கப்பல்தான். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் அவரோடு இருப்பேன். தைப்பூசமே பௌர்ணமி, அதனால் உடனே கிளம்ப முடியாது. பீடோங்குக்குக் கூட்டி வந்து ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொண்டு, தேய்பிறை அஷ்டமியன்று கோல கெடாவில் இரண்டாவது படகு. கீழ்த் தளம், பின்பக்கம், இடப்புறம். அந்தப் பக்கம்தான் மலை தெரியும்.