மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களே, டாஷ்போர்டைக் கழற்ற விடமுன் இதை வாசியுங்கள்

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் 1963ஆம் ஆண்டுக் கார், 1098 சீசீ. யாழ்ப்பாணத்தில் ஒரு கராச்சில் விட்டதால் அதன் அசல் ஸ்மித்ஸ் கம்பெனி மீற்றர் (வேகம், மைல், பெற்றோல் அளவு எல்லாம் காட்டுவது) போய்விட்டது. கராச்சின் பெயரைப் போடவில்லை. செய்த விதத்தைச் சொல்கிறேன்.

திடீரென்று பெற்றோல் முள் விழுந்தது. கூடவே சிக்னல் லைற், பிரேக் லைற், வைப்பர் மூன்றும் நின்றன. ஹோர்ன் அடித்தது, ஹெட்லைற் எரிந்தது. கராச்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, மீற்றர் செற் செத்துப்போச்சு, மாத்தாமல் சரிவராது" என்றார். சோதனை பல்ப் ஒன்றைக்கூட அவர் கையில் எடுக்கவில்லை.

கார் திரும்பி வந்தபோது பில்லில் ஒரே வரி: மீற்றர் செற் வேலை, 45,000 ரூபாய். சிக்னல் எரிந்தது, வைப்பரும் ஓடியது. பெற்றோல் முள் மட்டும் தாங்கி காய்ந்தாலும் நிறைந்தாலும் F-ஐ (நிறைவு) தாண்டியே நின்றது. மீற்றரின் மைல் எண் எங்களுடையதல்ல. ஓடும்போது வேகமும் பிழையாகக் காட்டியது. 948 சீசீ மைனருக்கும் 1962இல் வந்த 1098க்கும் பின் அச்சின் பல்விகிதம் வேறு. மீற்றரும் அதற்கேற்பத்தான் வரும். ஏதோ கழற்றிப்போட்ட 948 காரின் மீற்றரைக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பழையதைக் கேட்டேன். "அது பழைய இரும்போட போட்டாச்சு அண்ணை." வேலை செய்யும் ஸ்மித்ஸ் மீற்றரைப் பழைய இரும்புக்குப் போடும் கராச் எங்கே இருக்கிறது?

அப்புறம் வயதான ஒரு எலக்ரீசியனிடம் காட்டினேன். அவர் டாஷ்போர்டுப் பக்கமே போகவில்லை. பொனற்றைத் தூக்கி பியூஸ் பெட்டியைத் திறந்தார். "தம்பி, நாலும் ஒண்டாய் நிண்டால் மீற்றரில ஏன் கை வைச்சவங்கள்?" மைனரில் இருப்பது இரண்டே பியூஸ். A3, A4 என்ற முனைகளுக்கு நடுவே உள்ளதுதான் திறப்புப் போட்டதும் வேலை செய்யும் இந்த நாலுக்கும் மின்சாரம் கொடுப்பது. கண்ணாடிப் பியூஸ் எரியவே இல்லை. அதைப் பிடிக்கும் கிளிப் பச்சையாகக் களிம்பு பிடித்துக் கிடந்தது. சுரண்டித் துடைத்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும்.

இதைவிட மோசமானது அடுத்தது. அந்தக் கிளிப்பைத் துடைக்காமல், A3இலிருந்து ஒரு சிவப்பு வயரைப் பியூஸே இல்லாமல் நேராக டாஷ்போர்டுக்குப் பின்னால் இழுத்து இன்சுலேசன் ரேப் சுற்றியிருந்தார்கள். சிக்னலும் வைப்பரும் திரும்ப ஓடியது இதனால்தான், மீற்றர் மாற்றியதால் அல்ல. அந்த வயர் எங்காவது தகரத்தில் உரசியிருந்தால் கார் தீப்பிடித்திருக்கும். காசு போனதைவிட எனக்கு இதில்தான் கோபம்.

முள் ஏன் F-இல் நின்றது? தாங்கிக்குப் போகும் பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயரை மீற்றர் மாற்றும்போது அறுத்து, அப்படியே விட்டிருந்தார்கள். இந்தப் பழைய வகை மீற்றரில் அந்த வயர் விட்டுப்போனால் முள் F-க்கு ஏறும், ஏர்த்தில் (காரின் தகர உடலில்) தொட்டால் E-க்கு (வெறுமை) இறங்கும். மீற்றருக்குப் போகும் மின்சாரத்தைப் பத்து வோல்ற்றில் நிறுத்தும் ஸ்டெபிலைசர் உள்ள பிற்காலக் கார்களில் இது நேர்மாறு. நீங்களே பார்ப்பதானால் டிக்கியில் தாங்கியின் மேல் உள்ள வயரைத் திறப்பை மூடிவிட்டுக் கழற்றுங்கள், ஏர்த்தில் இணைத்த பிறகு மட்டும் திறப்பைப் போடுங்கள். பெற்றோலுக்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. (பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய தொண்ணூறுகளில் அப்பா இந்த முள்ளைப் பார்த்ததே இல்லை, குச்சி விட்டுத்தான் அளப்பார்.)

காரைக் கராச்சில் விடுமுன் மீற்றரை மைல் எண்ணும் முகப்பில் உள்ள சிறிய இலக்கமும் தெரியப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் பழைய சாமான் எல்லாம் திருப்பித் தரவேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மறுத்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கூலியில் பாதியைத் திருப்பித் தருவதாக இப்போது சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு மீற்றர்தான் வேண்டும் என்று பதில் சொல்லிவிட்டேன்.