இரும்புக்கை மாயாவி அட்டை: பழைய பிரதியை மாட்டலாமா, பெரிய பிரிண்ட் போடலாமா?

ஏற்காட்டு வீட்டின் ஹாலில் காமிக்ஸ் ஹீரோ இரும்புக்கை மாயாவியின் புத்தக அட்டையை மாட்ட வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. பேட்மேனும் சூப்பர்மேனும் டீ-ஷர்ட்டிலேயே கிடைக்கிறார்கள். 1962-இல் வேலியன்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்த இந்த ஆள் அவர்கள் பக்கத்தில் ஒரு சில்லறை ஹீரோதான். ஆனால் நமக்கு 1972-இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே இவர்தானே.

இந்த ஹீரோவின் அட்டையில் ஒரு வேடிக்கை உண்டு. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். ஆக, அட்டை வரைகிறவர் ஹீரோவை வரையாமலேயே ஹீரோவைக் காட்டியாக வேண்டும். என் பிரதியில் மஞ்சள் பின்னணியில் ஒரு கை அந்தரத்தில் நிற்கிறது, எதிரே ஒருவன் வாயைப் பிளந்திருக்கிறான், அவ்வளவுதான். உள்ளே ஹெசூஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைப் படங்கள் பிரமாதம். ஆனாலும் சின்ன வயதில் கனவில் வந்தது அட்டையில் இருந்த கைதான்.

பழைய பிரதியை அப்படியே பிரேம் போடுவதா, ஸ்கேன் செய்து பெரிதாக பிரிண்ட் எடுப்பதா? இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். பழையது விலை அதிகம், அளவில் சின்னது, பிரிண்ட் மலிவு, எவ்வளவு பெரிதாகவும் போடலாம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பிரிண்ட் கட்சி, காரணம் ஈரம்.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து சோபாவில் உட்காரும். காமிக்ஸ் அச்சிட்ட காகிதமோ மட்டமான நியூஸ்பிரிண்ட், மரக்கூழில் இருக்கும் லிக்னின் போகாத காகிதம், தானாகவே பழுத்து மொறுமொறுவென்று ஆகிவிடும். அதில் ஈரமும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். முதல் மழைக்காலத்திலேயே முதுகில் இருந்த இரும்புப் பின் துருப்பிடித்து அட்டையில் காவிக் கறை விட்டது. பிரேம் கண்ணாடி அட்டையைத் தொட்டுக்கொண்டே இருந்ததால் ஒரு மூலை ஒட்டிக்கொண்டது, பிரிக்கும்போது மஞ்சள் கொஞ்சம் கண்ணாடியோடு போய்விட்டது (இடைவெளி விட்டு மவுண்ட் வைக்கச் சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது). அப்புறம் ராமபாணப் பூச்சி. வசம்பு வைத்தேன், ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து பிரேமுக்குப் பின்னால் செருகினேன், அவை ஈரம் குடித்துக் களைத்துப்போனதும் எடுத்துச் சூடு காட்டித் திரும்பச் செருகினேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கே போனது. வீட்டில் "மாயாவிக்குக் குளியல் ஆச்சா" என்று கிண்டல் வேறு.

பிரிண்டில் இந்தத் தொல்லை இல்லை. பூஞ்சை பிடித்தால்கூட ஃபைல் கையில் இருக்கிறது, சேலத்துக்கு இறங்கி இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேன் 600 டிபிஐக்குக் குறையாமல் செய்யுங்கள். பெரிதாக்கும்போது அந்தக் கால நாலு கலர் அச்சின் புள்ளிகள் தெரியும், அதை மென்மையாக்கித் தருகிறேன் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்தப் புள்ளிகளில்தான் அழகே இருக்கிறது. மை பிக்மென்ட் மையா என்று கேளுங்கள், டை மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். என் பிரிண்டுக்கு இரண்டு வயதுதான் ஆகிறது, பத்து வருடம் தாங்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

மறுவிற்பனை என்று பார்த்தால் பிரிண்டுக்கு மதிப்பே கிடையாது, பழையதற்கு உண்டு. எவ்வளவு என்று கேட்காதீர்கள், நான் இதுவரை ஒன்றைக்கூட விற்றதில்லை. கையெழுத்தில் யாரோ ஒரு பையனின் பெயரும் வகுப்பும் எழுதிய பக்கத்தோடு ஒரு பிரதி கையில் இருக்கும்போது வரும் சந்தோஷம் பிரிண்டில் வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கீழே சேலத்தில் இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அந்தச் சூடும் காகிதத்துக்கு நல்லதில்லைதான், ஆனால் பூஞ்சைத் தொல்லை குறைவு. அதனால் என் பழைய பிரதி இப்போது அம்மாப்பேட்டையில் தங்கை வீட்டு இரும்பு பீரோவில் இருக்கிறது. இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் போனபோது அவள் பையன் அதைத் திண்ணையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். "ஓரத்தைப் பிடிச்சு மெதுவா திருப்புடா" என்று மட்டும் சொன்னேன். "சரி மாமா" என்றான், தலை நிமிரவில்லை.