கிரிக்கெட் பெற் செயலிகள்: போட்ட காசு போகும், வென்ற காசு வராது

யாழ்ப்பாணத்தில் ரெலிகிராம், வட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஓடித்திரிகிற கிரிக்கெட் பெற் (பந்தயம்) செயலி ஒன்றில் என்னுடைய காசு 38,000 ரூபா நிற்கிறது. திரையில் மட்டும்தான் நிற்கிறது, எடுக்க விடுகிறார்கள் இல்லை. செயலியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கூட்டம் பெயரை அடிக்கடி மாற்றுகிறது, ஒரு பெயரைக் கண்டு ஒதுங்குகிறவர் அடுத்த பெயரில் போய் விழுவார். அதனால் அவர்கள் வேலை செய்கிற முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள், முக்கியமாக வீட்டில் வளர்ந்த பெடியன்கள் இருக்கிற அப்பா அம்மாமார்.

நாங்கள் பின்னேரத்தில் மென்பந்து விளையாடுகிற இடத்துக்கு ஒருவர் வந்து போவார். வெளியூர் ஆள் இல்லை, முகம் தெரிந்தவர், எல்லாருடனும் நல்லாகக் கதைப்பார். ஐ.பி.எல். தொடங்குகிற நேரம், "அண்ணை, சும்மா மச் பார்க்கிறதிலும் பார்க்க ஒரு ஐந்நூறு போட்டுப் பாருங்கோ, பம்பலா இருக்கும், காசு எடுக்கிறதிலை ஒரு சோலியும் இல்லை, நான் இருக்கிறன்தானே" என்றார். அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் பலரும் இதற்குள் போகிறார்கள். இணையத்தில் முகம் தெரியாத கம்பனியை ஒருவரும் நம்ப மாட்டார்கள், சந்தியில் நின்று கதைக்கிற ஆளை நம்புவார்கள். அந்த நம்பிக்கையைக் கொண்டுவந்து கொடுப்பதற்குத்தான் இவரைப் போன்ற ஏஜென்ற்றுக்குக் கொமிசன்.

நான் 5,000 ரூபா போட்டேன், அதற்கு மேல் ஒரு சதமும் போடுவதில்லை என்று முடிவெடுத்துத்தான் போட்டேன், கடைசிவரை போடவும் இல்லை. செயலி தன் பங்குக்கு 5,000 ரூபா போனஸ் தந்தது. காசு அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு கம்பனியின் கணக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அடுத்தவர் அனுப்பியபோது வேறொரு பெயர். கேட்டால், கம்பனி வெளிநாடு, அதனால் இங்கே ஆட்களின் கணக்கில்தான் வாங்குவோம் என்கிறார்கள். இதைப் பற்றிக் கீழே திரும்பவும் எழுதுகிறேன், இந்தக் கதையில் மிகவும் ஆபத்தான இடம் அதுதான்.

முதல் கிழமையில் 2,000 ரூபா எடுக்கக் கேட்டேன். அரை மணித்தியாலத்தில் வங்கிக்கு வந்துவிட்டது. வந்த கையோடு ஏஜென்ற் அந்த ரசீதின் ஸ்கிரீன்சொட்டை என் பெயரை மறைத்துக் குழுவில் போட்டார், கீழே பத்துப் பதினைந்து பேர் கைதட்டுகிற படம் போட்டார்கள். இதைக் கவனியுங்கள்: குழுக்களில் வருகிற ரசீதுகள் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை, என்னுடையது உண்மையான ரசீது. சின்னக் காசை உடனே தருவார்கள், அந்தச் சின்ன ரசீதை வைத்துத்தான் அடுத்த ஐம்பது பேரைப் பிடிப்பார்கள்.

அப்புறம் சில மச்சுகள் சரியாக விழுந்து மீதி 38,000 வரை ஏறியது. முழுவதையும் எடுக்கக் கேட்டேன். அங்கேதான் தொடங்கியது.

முதல் பதில்: போனஸ் நிபந்தனை முடியவில்லை, போட்ட காசும் போனஸும் சேர்ந்த தொகையை 20 தரம் பெற் கட்டி முடித்தால்தான் எடுக்கலாம். சேரும்போது இதை யாரும் சொல்லவில்லை, செயலியில் மிகச் சிறிய ஆங்கில எழுத்தில், மூன்று பக்கம் தள்ளிப் போனால் இருக்கிறது. இந்த 20 தரம் என்றால் என்ன என்று ஆறுதலாக இருந்து கணக்குப் பாருங்கள். 5,000 போட்டு 5,000 போனஸ், மொத்தம் 10,000, அதன் 20 மடங்கு 2,00,000 ரூபா. இரண்டு லட்சத்துக்குப் பெற் கட்ட வேண்டும். இரண்டு அணியும் சமபலம் என்கிற மச்சில் இந்தச் செயலிகள் இரண்டு பக்கத்துக்கும் 1.90 தருவார்கள், அதாவது ஒரு ரூபா கட்டி வென்றால் கட்டியதும் சேர்த்து 1.90 ரூபா. இந்தப் பக்கம் 1,000, அந்தப் பக்கம் 1,000 என்று நீங்களே இரண்டிலும் கட்டினால் 2,000 போய் 1,900 திரும்பி வரும். எந்த அணி வென்றாலும் நூறு ரூபா அவர்களுக்கு, அதாவது நூற்றுக்கு ஐந்து. இரண்டு லட்சத்தில் நூற்றுக்கு ஐந்து எவ்வளவு? 10,000. நீங்கள் போட்ட காசும் அவர்கள் தந்த போனஸும் சேர்ந்த அதே தொகை. ஆகவே அந்த நிபந்தனையை முடிக்கிற நேரம் சராசரி ஆளின் கையில் ஒன்றும் மிஞ்சாது. போனஸ் என்று ஒரு செயலி எதைத் தந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், கல்குலேற்றர் போதும்.

என்னுடைய பெற்களில் அந்தத் தொகை ஏற்கனவே தாண்டியிருந்தது, வரலாற்றை எடுத்துக் காட்டினேன். உடனே வேறு பதில் வந்தது. அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், அட்டையைக் கையில் பிடித்தபடி என் முகமும் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அட்டையின் படத்தை மட்டும் அனுப்பினேன். அதற்குப் பிறகு 15 சதவீத வரியை முன்கூட்டிக் கட்டச் சொன்னார்கள், 5,700 ரூபா, அதுவும் ஒரு தனி ஆளின் கணக்கிலக்கத்துக்கு. நான் கட்டவில்லை. வென்ற காசுக்கு வரி இருந்தால் ஒன்றில் அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள், இல்லாவிட்டால் வென்றவர் பிறகு அரசாங்கத்துக்கு நேரே கட்டுவார், வெல்லப்பட்ட காசு அவர்களின் கையில் இருக்கும்போது வரியை உங்கள் பொக்கற்றிலிருந்து கேட்க ஒரு காரணமும் கிடையாது. அரசாங்கத்துக்குப் போகிற காசு ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்குப் போகாது என்பதையும் யோசியுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெடியன் கட்டினான். கம்பஸில் படிக்கிற பிள்ளை, அம்மாவின் காப்பை அடகு வைத்து வரி என்று கட்டினான், கட்டியதும் கணக்கைப் பெரிய தரத்துக்கு உயர்த்த இன்னொரு தொகை கேட்டார்கள், அதையும் கட்டினான். அவனுக்கும் ஒன்றும் வரவில்லை. அந்தத் தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "தம்பி, நீங்கள் படிச்சனீங்கள், இதை ஒருக்கா என்னெண்டு பாருங்கோ" என்று கேட்டார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

செயலியின் உதவிப் பெட்டியில் எழுதினால், "உங்கள் கோரிக்கை மதிப்பாய்வில் உள்ளது, பொறுமைக்கு நன்றி" என்று ஒரே வசனம் வந்துகொண்டிருந்தது. காலையில் கேட்டாலும் அதுதான், இரவு கேட்டாலும் அதுதான். திட்டி எழுதினாலும் பொறுமைக்கு நன்றி. ஏஜென்ற்றைப் பிடித்துக் கேட்டேன். "அண்ணை, நான் இடையிலை நிக்கிற ஆள், கொம்பனி தந்தால்தானே நான் தரலாம்" என்றார். நான் இருக்கிறன்தானே என்று சொன்ன அதே வாய். பிறகு என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

செயலியின் அடியில் குராசோ தீவின் அனுமதி என்று ஒரு முத்திரை இருக்கிறது. குராசோ கரீபியன் கடலில் வெனிசுவேலாவுக்கு மேலே இருக்கிற ஒரு சின்னத் தீவு, நெதர்லாந்து இராச்சியத்தைச் சேர்ந்தது, இணையச் சூதாட்டக் கம்பனிகள் பல அங்கேதான் பதிகின்றன. முத்திரை உண்மையோ களவோ, கோண்டாவிலில் இருக்கிற ஒருவர் 38,000 ரூபாவுக்காக அங்கே போய் முறையிட ஏலாது. எங்கள் நாட்டில் கசினோக்களுக்கு 2010 இல் ஒரு சட்டம் வந்தது, 2025 இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டமும் நிறைவேறியது. இங்கே பதியாமல் வட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புகிறவர்கள் அந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்வார்கள் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, இப்போது வங்கிக் கணக்கு. இவர்கள் காசு வாங்குகிற கணக்குகளில் பல வாடகைக்கு எடுத்தவை. ஏ.எல். முடித்துவிட்டு வேலை தேடுகிற பெடியன்களிடம், "உன்ரை கணக்கையும் ஏ.ரி.எம். கார்ட்டையும் கொஞ்ச நாளைக்குத் தா, மாதம் ஒரு தொகை தாறம்" என்று கேட்கிறார்கள். கொடுத்துவிடாதீர்கள். ஏமாந்த ஒருவர் பொலிஸுக்குப் போனால் முதலில் தேடி வருவது அந்தக் கணக்குக்குரியவரைத்தான். 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, களவாக வந்த காசை நல்ல காசாகக் காட்டுவதைத் தடுக்கிற சட்டம், மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு சந்தேகமான கொடுக்கல் வாங்கல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது, கார்ட்டை மட்டும்தான் கொடுத்தேன் என்பது அந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் போதாது. கனடா, லண்டன் என்று விசாவுக்கு நிற்கிற பிள்ளைகள் எத்தனை பேர் எங்கள் ஊரில், ஒரு வழக்கு வந்தால் அந்தக் கனவுக்கு என்ன ஆகும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர், ஏமாற்றாத செயலியாகப் பார்த்து, இழந்தாலும் பரவாயில்லை என்கிற காசை மட்டும் போட்டு, பொழுதுபோக்காக விளையாடினால் என்ன, படம் பார்க்கப் போகிறோம் அதுக்கும் காசு போகிறது என்கிறார்கள். நேர்மையான கேள்விதான். நானும் அப்படித்தான், அளவு வைத்து விளையாடினேன், அந்த அளவைக் காப்பாற்றவும் செய்தேன். அதனால்தான் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். தியேட்டரில் இரண்டரை மணித்தியாலத்தில் படம் முடிந்து வெளியே வந்துவிடுவீர்கள். பெற் அப்படி முடியாது. காசுக்கு அளவு வைக்கலாம், நேரத்துக்கு வைக்க முடியாது. எந்தப் பிட்ச், யாருக்குக் காயம், மழை வருமா என்று காலையிலிருந்து போனைத் தட்டிக்கொண்டே இருப்பேன். வேலையில் இருக்கும்போதும் ஒட்ஸ் (வென்றால் எத்தனை மடங்கு தருவார்கள் என்கிற இலக்கம்) ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லும்.

அதைவிடப் பெரிய இழப்பு கிரிக்கெட். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிரிக்கெட் பைத்தியம். யாழ் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் விளையாடுகிற வடக்கின் பெரும் சமரை, 1904 இலிருந்து வருகிற போட்டி, ஒரு வருடமும் விட மாட்டேன். எங்கள் மத்திய கல்லூரிப் பிள்ளை வியாஸ்காந்த் 2024 இல் ஐ.பி.எல். இல் ஹைதராபாத்துக்காகப் பந்து வீசினபோது தெருவே ரிவிக்கு முன்னால் இருந்தது. அப்படிப்பட்ட நான் பெற் கட்டிய பிறகு, ஒரு அருமையான கவர் டிரைவைப் பார்த்துச் சந்தோசப்படாமல், இவன் அவுட்டாக வேணும் என்று இருந்தேன். ஓவருக்கு எத்தனை ஓட்டம் என்றுதான் பார்ப்பேன், பந்து எப்படித் திரும்பியது என்று பார்ப்பதில்லை. மச் முடிந்ததும் யார் நன்றாக விளையாடினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பொழுதுபோக்குக்கு என்று வந்தது, இருந்த பொழுதுபோக்கையே தின்றுவிட்டது.

செயலிக்குள் இன்னொரு விளையாட்டும் இருக்கும், திரையில் ஒரு விமானம் மேலே ஏறிக்கொண்டே போகும், அது ஏற ஏறக் கட்டிய காசு பெருகும், அது மறைவதற்கு முதல் காசை எடுக்க வேண்டும். கிரிக்கெட் மச்சுக்கு மூன்றரை மணித்தியாலம் எடுக்கும், இது ஒரு சுற்று அரை நிமிடம். நூற்றுக்கு மூன்று ரூபா மட்டும் அவர்களுக்கு என்று வைத்தாலும், சுற்றுக்கு 100 ரூபாப்படி நிமிடத்துக்கு இரண்டு சுற்று, ஒரு மணித்தியாலத்தில் 12,000 ரூபாவுக்கு விளையாடியிருப்பீர்கள், அதில் சராசரியாக 360 ரூபா போய்விடும். இரவு படுக்கையில் மூன்று மணித்தியாலம் இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கிழமை முடிவில் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். ஏமாற்றே இல்லாமல், விதிப்படி நடந்தாலும் இதுதான் கணக்கு. கசினோவிலும் இதே கதைதான்: ரூலெற் என்கிற சுழல் சக்கரத்தில் ஒரே பூச்சியம் இருந்தால் 37 இலக்கம், ஓர் இலக்கத்தில் வைத்து வென்றால் வைத்த காசைத் திருப்பித் தந்து அதற்கு மேல் 35 மடங்குதான் தருவார்கள், அந்த வித்தியாசத்தில்தான் கசினோ நடக்கிறது.

சூது என்றால் எல்லாமே ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் அப்பா சந்தியில் லொத்தர் ரிக்கற் எடுப்பார், பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் சுரண்டிப் பார்த்துவிட்டு விடுவார். விழாது என்பது அவருக்கும் தெரியும். அபிவிருத்தி லொத்தர் சபையின் காசில் ஒரு பகுதி மகாபொல நிதியத்துக்குப் போகிறது, கம்பஸ் பிள்ளைகள் அந்த உதவியில் படிக்கிறார்கள். அதோடு அந்த ரிக்கற் இரவு இரண்டு மணிக்கு உங்களை எழுப்பாது. விறாந்தையில் 304 என்கிற சீட்டாட்டம் அடிக்கிற பெரியவர்களையும் பாருங்கள், 32 சீட்டு, ஜாக் 30, ஒன்பது 20 என்று எண்ணி, துரும்பு எது என்று ஒளித்து வைத்து, விடிய விடியச் சண்டை பிடிப்பார்கள், காசு ஒரு சதம் இராது. ஆர்வத்துக்கு அங்கே என்ன குறை?

இப்போது இதற்குள் இருக்கிறவர்களுக்கு. காசு எடுக்கக் காசு கேட்டால் அந்த நிமிடத்தோடு நிறுத்துங்கள், ஏற்கனவே போனதை மீட்கலாம் என்று இன்னும் போடாதீர்கள். அடையாள அட்டை அனுப்பியிருந்தால் வங்கிக்குப் போய் விசயத்தைச் சொல்லி வையுங்கள், இணைய வங்கியின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். நிறுத்த வேணும் என்று நினைத்தும் நிறுத்த ஏலாமல் இருந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், இதை மருத்துவர்கள் நோய் என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் யாராவது இப்படி இருப்பது தெரிந்தால் திட்டுவதற்கு முதல் எவ்வளவு கடன், யாரிடம் என்று கேளுங்கள், பயத்தில் அதைத்தான் மறைப்பார்கள்.

நானும் பக்கத்து வீட்டுப் பெடியனும் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். காசு அனுப்பிய வங்கி ரசீதுகள், அந்தக் கணக்கிலக்கங்கள், ஏஜென்ற்றின் குரல்பதிவுகள், வரி கேட்ட செய்தி, செயலியில் நிற்கிற மீதியின் ஸ்கிரீன்சொட், இவ்வளவும் கொடுத்தோம். உங்களிடமும் இருந்தால் இன்றைக்கே எடுத்து வேறொரு போனிலோ மின்னஞ்சலிலோ சேமித்து வையுங்கள். குழுவில் சண்டை பிடிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான், நீக்கிவிட்டார்கள் என்றால் பழைய செய்திகளைப் பார்க்க முடியாமல் போகலாம்.