ஸ்க்ரம் விசையை அளக்கும் இயந்திரம்: மூன்று சீசன் அனுபவம்

ரக்பியில் இரு அணியிலும் எட்டு எட்டுப் பேர் பிணைந்து நின்று, எதிரெதிரே தோள் முட்டிப் பந்துக்காகத் தள்ளுவதுதான் ஸ்க்ரம். எதிரணிக்குப் பதிலாக முட்டித் தள்ளிப் பழக, லோட் செல் என்ற விசை உணரி பொருத்திய ஸ்க்ரம் இயந்திரம் எங்கள் அணிக்கு வந்து மூன்று சீசன் ஆகிறது. தோள் முட்டும் பேட்கள் நான்கு. ஒவ்வொன்றின் பின்னாலும் வரும் விசை தனித்தனிக் கோடாகத் திரையில் ஓடும்.

முதல் சீசனை வீணாக்கினோம் என்றே சொல்வேன். மோதச் சொல்லும் "செட்" கட்டளை வந்ததும் எட்டுப் பேரும் மோதுகிற கணத்தில் எழும் உச்ச எண்ணைத்தான் எல்லோரும் துரத்தினோம். சர்வதேச வீரர்கள் இயந்திரத்தில் மோதும்போது அது சுமார் 16,500 நியூட்டன் வரை போனதாகப் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது. கிட்டத்தட்ட 1,700 கிலோ எடைக்குச் சமம். ஆனால் மோதல் அடங்கியபின் அவர்களால் நிலையாகத் தள்ள முடிந்தது அதில் பாதிதான். 2013-இல் மோதலுக்கு முன்பே ப்ராப்கள் (முன்வரிசையின் இரு ஓர வீரர்கள்) எதிராளியைப் பிடித்துக்கொள்ளும் முறை வந்ததும் அந்த உச்சத்தைக் குறைக்கத்தான். நாங்களோ அதை ஏற்றப் பார்த்தோம்!

பந்து உள்ளே வரும்போது உச்சம் முடிந்துபோயிருக்கும். அதனால் இப்போது அதற்கு அப்புறம் வரும் கோட்டைத்தான் பார்க்கிறேன். ஒரு கட்டத்தில் வலது ஓரக் கோடு மட்டும் மூன்றாவது நொடியில் சரிந்துகொண்டே இருந்தது. அந்த வலது ஓரத்தில் நிற்கும் டைட்ஹெட் ப்ராப்புக்குத்தான் வலு போதவில்லை என்று நினைத்து அவருக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்தேன், பாவம். பக்கவாட்டில் போனை வைத்துப் படம் எடுத்தபோதுதான் தெரிந்தது: அவருக்குப் பின்னால் இருந்த லாக்கின் (இரண்டாம் வரிசை வீரரின்) கால் வழுக்கியிருக்கிறது. பேட்டுக்கு வந்து சேரும் விசையைத்தான் கருவி சொல்லும். அது யாரிடமிருந்து வந்தது, யார் கழுத்து வழியாக வந்தது என்று சொல்லாது.

இன்னொரு வேடிக்கை. எட்டுப் பேரையும் தனித்தனியாகத் தள்ளவைத்துக் கூட்டிப் பார்த்தால் வரும் எண், சேர்ந்து தள்ளும்போது ஒருமுறைகூட வந்ததில்லை. முதுகு வளைவதிலும் நேரம் பிசகுவதிலும் கணிசமாகக் கரைந்துவிடுகிறது.

பராமரிப்பு பெரிதாக இல்லை. வெயில் ஏறினால், சுமையில்லாதபோது காட்ட வேண்டிய பூஜ்யம் நகரும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் சுமையில்லாமல் பூஜ்யமாக்க வேண்டும். ஒருநாள் யாரோ பேட்டில் சாய்ந்திருந்ததைக் கவனிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டேன். அன்று முழுக்க அணியே மெலிந்துபோனது போலக் கணக்கு வந்தது.

திரையை இப்போது வீரர்களுக்குத் தெரியாதபடி திருப்பிவைத்திருக்கிறேன். உச்ச எண் எவ்வளவு என்று இன்னும் சிலர் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறார்கள்.