ட்ரூகாலரா, சிஎன்ஏபியா, யூபிஐயா: உங்கள் பெயரை அதிகம் காட்டிக்கொடுப்பது எது?

லேண்ட்லைன் காலத்தில் தடித்த டெலிபோன் டைரக்டரி இருந்தது. 197-க்கு அடித்துப் பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்வார்கள். செல்போன் வந்தபின் எல்லாம் தலைகீழ். எண் கையில் இருந்தால் போதும், பெயர் தானாக வந்து விழுகிறது. இன்று அந்த வேலையைச் செய்பவை மூன்று: அழைப்பவர் யாரென்று காட்டும் ட்ரூகாலர் ஆப், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் பரிந்துரைத்த சிஎன்ஏபி (போன் நிறுவனமே அழைப்பவர் பெயரைக் காட்டும் சேவை), அப்புறம் டைரக்டரி என்றே யாரும் நினைக்காத யூபிஐ ஆப்கள். ஸ்பேம் அழைப்பை எது நன்றாகப் பிடிக்கிறது என்று ஒப்பிட்டுப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் பார்ப்பது வேறு: நம்மைக் கேட்காமல் நம் பெயரை யாருக்கெல்லாம் நீட்டுகிறது?

ட்ரூகாலர் 2009-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தது. அதன் மிகப் பெரிய சந்தை இந்தியாதான். அங்கே உங்கள் பெயர் நீங்கள் வைத்ததாக இருக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் சொன்னதாகவும் இருக்கலாம். ஆப்பே போடாதவருக்கும் அதில் பெயர் இருக்கும். ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் வழியாக இறக்கும் ஆப், தொடர்புப் பட்டியலை எடுத்துப் பொதுவில் தேடவைப்பதில்லை என்று நிறுவனம் சொல்கிறது. சரி. ஆனால் அடுப்பு ரிப்பேர் தொழிலை விட்டுவிட்டு மளிகைக் கடை வைத்தவர், இன்னமும் ‘கேஸ் ஸ்டவ் குமார்’ என்றே திரையில் மின்னுவார். ஒரு வசதி உண்டு: பெயரைத் திருத்தலாம், பட்டியலிலிருந்தே நீக்கச் சொல்லலாம். கணக்கு வைத்திருப்பவர் முதலில் அதை மூட வேண்டும், பிறகு அவர்களின் தளத்தில் எண்ணைக் கொடுத்து நீக்க வேண்டும். கணக்கை மூடாமல் நீக்கப் போனால் வேலை நடக்காது.

சிஎன்ஏபி இதற்கு நேர் எதிர். 2024 பிப்ரவரியில் ட்ராய் பரிந்துரைத்தபோது, கேட்பவருக்கு மட்டும் தரும் சேவையாகத்தான் அது இருந்தது. எல்லாருக்கும் இயல்பாகவே இருக்கட்டும், வேண்டாதவர் விலகிக்கொள்ளட்டும் என்றது தொலைத்தொடர்புத் துறை. 2025 அக்டோபரில் ட்ராயும் தலையசைத்தது. சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் கொடுத்த பெயரே திரையில் வரும். 4ஜி, 5ஜி இணைப்புகளுக்குத்தான் முதலில். பழைய 2ஜி போனுக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பிலும் வாட்ஸ்அப் அழைப்பிலும் இது உதவாது.

இதன் பெரிய பலம், இதில் தேட முடியாது என்பது. உங்கள் எண் கிடைத்த ஒருவன் உட்கார்ந்து துழாவ வழியில்லை. நீங்கள் அழைத்தால்தான் பெயர் போகும். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. விலகிக்கொள்ளும் உரிமை, வருகிற அழைப்பில் பெயர் பார்க்க விரும்பாதவருக்கு. தன் பெயர் போகாமல் தடுப்பது, எண்ணையே மறைக்கும் சிஎல்ஐஆர் வசதி பெற்றவர்களுக்குத்தான். அது சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. வாடகைக்கு வீடு தேடி ஓனரை அழைக்கிறீர்கள். அவர் எடுப்பதற்கு முன்பே உங்கள் பெயர் தெரிகிறது. நம் ஊரில் பெயரைப் பார்த்தே மதத்தை, சில நேரம் சாதியையும் ஊகித்துவிடுவார்கள். ‘வீடு போயிடுச்சுங்க’ என்ற பதில் வர ஒரு நொடி போதும். ட்ரூகாலரில் ஓர் இனிஷியலோடு நிறுத்திக்கொள்ளலாம், இங்கே முடியாது. டெலிவரி பையனையோ ஆட்டோக்காரரையோ அழைக்கும் பெண்ணுக்கும் இதே சங்கடம். அப்பா பெயரில் சிம் வைத்திருப்பவர்கள் அழைத்தால் அப்பா பெயர்தான் வரும். சில பெண்களுக்கு அதுவே நிம்மதியாக இருக்கலாம்.

மோசடிக்காரன்? அடுத்தவர் ஆதாரில் வாங்கிய சிம்மில் அழைத்தால், பாவம் அந்த அடுத்தவர் பெயர் வரும். அவன் திருடன் என்று சிஎன்ஏபி சொல்லாது. அந்த இடத்தில் பலர் புகார் செய்து சிவப்பு நிறமாக்கிய ட்ரூகாலர் எண்தான் உதவும்.

மூன்றாவதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. யூபிஐயோடு இணைந்த ஒருவரின் மொபைல் எண்ணை ஆப்பில் தட்டுங்கள். பணம் அனுப்பவே வேண்டாம், வங்கியில் உள்ள பெயர் வந்துவிடும். தவறான ஆளுக்குப் பணம் போகக் கூடாது என்பதற்காக, வங்கிப் பதிவில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025-ல் கட்டாயமாக்கியது. நியாயமான காரணம். ஆனால் எண் மட்டும் தெரிந்தவனுக்கு இதைவிடச் சுத்தமான டைரக்டரி வேறில்லை. செல்லப்பெயர் இல்லை, தப்பும் இல்லை. மூன்றில் நம் பெயருக்கு அதிக ஆபத்து இதில்தான் என்பது என் கணிப்பு.

2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகள் 2027-ல்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை, அழைப்பை அடையாளம் காண சிஎன்ஏபியே போதும் என்பவர் ட்ரூகாலரில் தன் எண்ணை நீக்கிவிடலாம். கூரியர், ப்ரோக்கர், ஓஎல்எக்ஸ் விளம்பரம் போன்றவற்றுக்கு யூபிஐயோடு இணைக்காத இரண்டாவது சிம் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. கடைக்காரர் பணம் அனுப்ப ஐடி கேட்டால், மொபைல் எண்ணையே தாங்கிய ஐடியைக் கொடுக்காமல், எழுத்தில் வேறொன்று உருவாக்கிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை.