வெளிச்சவீடா, ஜிபிஎஸ்ஸா?

தலைமன்னார் வெளிச்சவீடு 1915இல் கட்டப்பட்டது. அதற்கு முந்தைய வருடம்தான் தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடத் தொடங்கியிருந்தது. மணல்திட்டும் ஆழமில்லாத தண்ணியுமான இந்தக் கடலில், இரவில் கரை எந்தப் பக்கம் என்று தெரிவதே பெரிய விசயம். 19 மீற்றர் உயரக் கோபுரம் என்பதால், வள்ளத்தில் நிற்பவருக்கு பூமியின் வளைவைத் தாண்டி ஏறத்தாழ 12 கடல்மைலில் விளக்கு தெரிய வேண்டும். ஆனால் மழை இருட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது.

ஜிபிஎஸ்ஸுக்கு மழையும் ஒன்றுதான், பனியும் ஒன்றுதான். சில மீற்றர் பிசகுக்குள் இடத்தைக் காட்டும். வலை போட்ட இடத்தைக் குறித்து வைக்கலாம். கடல் எல்லை எங்கே என்றும் பார்க்கலாம், எங்கள் மீனவர்களுக்கு அதுதான் முக்கியம்.

சரி, உப்புத்தண்ணி ஏறி பற்றரி செத்தால்? ஒரு வாடைக்காற்று இரவில் எங்களுக்கு அது நடந்தது. திரை ஒருதரம் மின்னி அணைந்தது. தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது, வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தை அதற்கு நேரே திருப்பினோம்.

வாங்குவதென்றால் ஜிபிஎஸ்ஸைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் அதை நம்பி வெளிச்சவீட்டைக் கவனிக்காமல் விடக்கூடாது. பெரிய கப்பலில் மாற்றுக்கருவி இருக்கும், வள்ளத்தில் இருப்பது ஒன்றே ஒன்று.